தமிழ்ப்பள்ளிக் கணினியில் தமிழ் எங்கே?



விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் வழங்கிவந்த வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 14ஆம் நாளோடு முடிவுற்றது. கட்டணம் செலுத்தும் கல்வி நிலையங்களுக்கு மேலும் 3 ஆண்டுகள்வரை நீட்டிப்பு உண்டு. கணினி ஒன்றுக்கு முதலாண்டில் 1 அமெரிக்க வெள்ளி, அடுத்த ஆண்டில் 2, அதற்கடுத்து 4 என விலை வைத்திருக்கிறார்கள். ஆகவே, இன்று இல்லாவிட்டாலும் ஈராண்டு மூவாண்டுக்குள் பள்ளிக் கணினிகள் துடைக்கப்பட்டு வேறோர் இயங்குதளம் ஏற்றப்படும். அல்லது பழையன கழிந்து புதியன வரும். இரண்டில் எது நடந்தாலும் அந்தக் கணினிகளுக்குள் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை யாரோ ஒருவர் எங்கோ அமர்ந்து முடிவு செய்வார். அந்த முடிவில் தமிழுக்கு இடமிருக்கிறதா என்று நாம் கேட்டிருக்கிறோமா?

கேட்பதற்கு இதுவே தக்க காலம். கணினிகள் வந்து இறங்கிய பின்னர்க் கேட்டுப் பயன் குறைவு. ஏன் என்பதை விளக்கத்தான் இக்கட்டுரை.

கணினியில் தமிழ் என்று நான் சொல்வது, திரையில் தமிழ் எழுத்துத் தெரிவதை அன்று. அது இப்போது எல்லாக் கணினியிலும் தெரிகிறது. மாணவன் ஒருவன் தன் கணக்கில் நுழைந்து, யார் உதவியும் இன்றித் தமிழில் ஒரு வாக்கியத்தைத் தட்டச்சு செய்து, சேமித்து, மறுநாள் வந்து மீண்டும் திறந்து பார்க்க முடிகிறதா என்பதையே குறிக்கிறேன். இந்தச் சிறிய அளவுகோலை வைத்துப் பார்த்தால் நம் தமிழ்ப்பள்ளிக் கணினிக்கூடங்களில் எத்தனை தேறும்? நான் கண்டவரையில் மனம் நிறைவளிக்கும் விடை கிடைக்கவில்லை.

முதலில், ஒரு கூடத்தில் உள்ள 20 அல்லது 40 கணினிகளுக்கு இயங்குதளம் எப்படி ஏற்றப்படுகிறது என்பதைப் பெற்றோர்க்கும் புரியும்படி சொல்லிவிடுகிறேன். தொழில்நுட்பர் ஒவ்வொரு கணினியின் முன்னாலும் அமர்ந்து குறுவட்டைச் செருகிக்கொண்டிருந்த காலம் எப்போதோ மலையேறிவிட்டது. இப்போது ஒரே ஒரு கணினியை மாதிரியாகத் தயார் செய்கிறார்கள். அதில் இயங்குதளம், அலுவல் மென்பொருள், உலாவி, அச்சுப்பொறிக்கான அமைப்பு எல்லாவற்றையும் நிறுவுகிறார்கள். பிறகு ‘சிஸ்பிரெப்’ என்னும் கருவியால் அந்தக் கணினிக்கே உரிய தனி அடையாளங்களை நீக்கிவிட்டு, வன்தட்டில் உள்ளதனைத்தையும் ஒரே கோப்பாகப் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள். இதனைத் தொழில்நுட்பர்கள் ‘இமேஜ்’ என்பார்கள். நான் படிமம் என்கிறேன். மற்றக் கணினிகளை முடுக்கியதும் அவை தம் வன்தட்டைப் பார்க்காமல் வலையமைப்பைக் கேட்கும்படி செய்தால், அந்தப் படிமம் வரிசையாக ஒவ்வொன்றிலும் இறங்கிவிடும். நார்ட்டன் கோஸ்ட் இதற்குப் பெயர்பெற்ற பழைய கருவி. தைவானில் உருவான குளோன்சில்லா இலவசமாகவே கிடைக்கிறது. பெரிய நிறுவனங்கள் மைக்ரோசாப்டின் ‘கன்பிகரேஷன் மேனேஜர்’ என்னும் மேலாண்மைக் கருவியைக் கொண்டு ஆயிரக்கணக்கான கணினிகளை ஓரிடத்திலிருந்து ஆளுகின்றன.

அண்மைக் காலத்தில் இதிலும் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. ‘இன்டியூன்’, ‘ஆட்டோபைலட்’ என்னும் ஏற்பாட்டில் படிமத்தைப் படியெடுப்பதே இல்லை. கணினியின் வன்பொருள் அடையாளம் முன்னரே பதியப்பட்டிருக்கும். பெட்டியிலிருந்து எடுத்து இணையத்தில் இணைத்தவுடன், ‘இது இன்ன பள்ளியின் கணினி’ என்று அடையாளம் கண்டு, உரிய அமைப்புகளையும் மென்பொருள்களையும் மேகத்திலிருந்து இறக்கிக்கொள்ளும். வழி எதுவானாலும் அடிப்படை ஒன்றுதான். ஒருவர் ஒருமுறை முடிவு செய்கிறார். அத்தனை கணினிகளும் அதற்குக் கட்டுப்படுகின்றன.

மூத்த ஆசிரியர்களுக்கு இதை விளக்குவது எளிது. உருட்டச்சுப் பொறியில் தேர்வுத்தாள் அடித்த காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மெழுகுத்தாளில் ஒரு கேள்வி விடுபட்டிருந்தால் அடித்தெடுத்த 200 தாளிலும் அந்தக் கேள்வி இருக்காது. பிறகு ஒவ்வொரு தாளாக எடுத்துப் பேனாவால் எழுதிச் சேர்க்க வேண்டியதுதான். படிமம் என்பது அந்த மெழுகுத்தாள். அதில் விடுபட்டுப்போன தமிழைத்தான் நம் ஆசிரியர்கள் பேனாவால் எழுதிச் சேர்ப்பதுபோல, கணினி கணினியாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஏன் விடுபடுகிறது? யாரும் தமிழை வேண்டுமென்றே ஒதுக்குகிறார்கள் என்று நான் குற்றஞ்சாட்டவில்லை. நம் மேடைகளில் அப்படிப் பேசிக் கைத்தட்டல் வாங்குவது எளிது. ஆனால் உண்மை அதைவிடச் சாதாரணமானது. மலாய்மொழிக்கும் ஆங்கிலத்திற்கும் ஒரே விசைப்பலகை போதும். படிமத்தைத் தயாரிப்பவர் தம் வேலையைச் சரிபார்க்கும்போது இரண்டு மொழியும் தடையின்றி வருகின்றன. தமிழ் இணையப் பக்கம் ஒன்றைத் திறந்து பார்க்கிறார். எழுத்து அழகாகத் தெரிகிறது. ‘தமிழும் இருக்கிறது’ என்று எழுதி முடித்துவிடுகிறார். தமிழில் எழுதிப் பார்க்க அவருக்குத் தமிழ் தெரியாது. எழுதிப் பார்க்க வேண்டும் என்று அவரிடம் சொன்னவரும் இல்லை.

இத்தனைக்கும் இது செலவில்லாத வேலை என்பதுதான் வருத்தத்திற்குரியது. விண்டோஸ் 11இல் தமிழ்99, அஞ்சல் ஆகிய இரண்டு விசைப்பலகைகளும் உள்ளேயே இருக்கின்றன. வெளியிலிருந்து எதையும் வாங்க வேண்டியதில்லை. இறக்க வேண்டியதும் இல்லை. அவை உறங்குகின்றன, எழுப்பிவிட வேண்டும், அவ்வளவே. தானியங்கி நிறுவலுக்குரிய விடைக்கோப்பில் உள்ளீட்டு மொழிக்கான வரியில் 0449:00020449 என்பதையும் சேர்த்துவிட்டால் தமிழ்99 எல்லாக் கணினிகளிலும் விழித்துக்கொள்ளும். 0449 என்பது தமிழுக்கு விண்டோஸ் வைத்திருக்கும் எண். ஒரே ஒரு வரி!

‘அதை ஆசிரியரே கணினியில் சேர்த்துக்கொள்ளலாமே, இதற்கு ஏன் இத்தனை பெரிய பேச்சு?’ என்று கேட்போர் உண்டு. சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் சேர்த்தது நிற்க வேண்டுமே! விண்டோசில் விசைப்பலகை என்பது கணினிக்கு உரியதன்று. பயனர் கணக்குக்கு உரியது. ஆசிரியர் தம் கணக்கில் தமிழைச் சேர்த்தால் அவர் கணக்கில் மட்டுமே அது இருக்கும். மாணவன் தன் கணக்கில் நுழைந்தால் மீண்டும் ஆங்கிலம் மட்டுமே. ஓர் அமைப்பைப் புதிய பயனர் கணக்குகள் அனைத்துக்கும் படியெடுக்கும் வசதி விண்டோசில் உண்டு. அதற்கு நிர்வாகியின் கடவுச்சொல் வேண்டும். அந்தக் கடவுச்சொல் வகுப்பாசிரியரிடம் இருக்காது. இருக்கவும் கூடாது என்பதே என் கருத்து.

இன்னொரு சிக்கல். பல கணினிக்கூடங்களில் ‘டீப் ஃபிரீஸ்’ போன்ற மென்பொருள் நிறுவப்பட்டிருக்கும். கணினியை நிறுத்தி மீண்டும் முடுக்கினால், இடையில் செய்த மாற்றங்கள் எல்லாம் மறைந்து முந்தைய நிலைக்கே அது திரும்பிவிடும். நச்சுநிரல், விளையாட்டு, திரைப்பின்னணி மாற்றம் ஆகியவற்றிலிருந்து கூடத்தைக் காக்க இது மிகவும் நல்லது. நாற்பது சிறுவர்கள் கைவைக்கும் கணினிக்கு இத்தகைய காவல் வேண்டியதுதான். ஆனால் காலையில் ஆசிரியர் ஓடி ஓடிச் சேர்த்த தமிழ் விசைப்பலகையும் மறுநாள் காலையில் அவற்றோடு சேர்ந்து மறைந்துவிடுகிறது. உறையவைக்கும் முன் படிமத்திலேயே தமிழ் இருந்திருந்தால் அதே காவல் தமிழையும் காத்திருக்கும்.

எனக்குத் தெரிந்த பள்ளி ஒன்றில், ஆண்டிறுதி விடுமுறையில் கூடத்துக் கணினிகள் அனைத்தும் புதிதாக்கப்பட்டன. பள்ளி திறந்ததும் நான்காம் ஆண்டு மாணவர்களைத் தமிழ்மொழிப் பாடத்திற்காக அழைத்துச் சென்ற ஆசிரியை, ஒரு மணி நேரப் பாடத்தில் ஏறக்குறைய பாதியை விசைப்பலகை சேர்ப்பதிலேயே செலவிட்டார். அடுத்த வாரமும் அதே கதை. மூன்றாவது வாரம் அவர் கூடத்திற்குப் போகவில்லை; கட்டுரையைத் தாளிலேயே எழுதச் சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியுமா? அதே மாணவர்கள் அதே கூடத்தில் ஆங்கிலப் பாடத்தையும் மலாய்மொழிப் பாடத்தையும் தொடர்ந்து செய்துவந்தார்கள். பிள்ளைகளிடம் யாரும் வாயைத் திறந்து சொல்லாமலே ஒரு செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது: கணினி என்பது அந்த இரண்டு மொழிகளுக்கு உரியது, தமிழ் தாளுக்கு உரியது. எனக்கு அஞ்சத்தக்கதாகத் தோன்றுவது இந்தச் செய்திதான். தமிழ்ப்பள்ளியை நாடி வந்த குழந்தையிடம் தமிழ்ப்பள்ளியே இதைச் சொல்லலாமா?

எழுத்துருவிலும் இதே கதை. ‘லதா’ எழுத்துரு நம் ஆசிரியர்களுக்குக் கைவந்த ஒன்று. விண்டோஸ் 2000 காலந்தொட்டு நம் தேர்வுத்தாள்களும் பயிற்றிகளும் அதில்தான் பிறந்தன. விண்டோஸ் 10 முதல் லதாவும் விஜயாவும் அடிப்படை நிறுவலில் இடம்பெறுவதில்லை. தமிழுக்கான கூடுதல் எழுத்துருத் தொகுப்பு என்று தனியே ஒதுக்கிவிட்டார்கள். அடிப்படையில் இருப்பது நிர்மலா மட்டுமே. பழைய தேர்வுத்தாளைத் திறந்தால் லதாவுக்குப் பதில் வேறு எழுத்துரு வந்து உட்கார்ந்துகொள்ளும். வரிகள் நீளும், படங்கள் நகரும், எட்டுப் பக்கத்தில் கச்சிதமாக முடித்த தாள் ஒன்பதாம் பக்கத்தில் இரண்டு வரியோடு நிற்கும். வீட்டுக் கணினியில் தமிழ்மொழியைச் சேர்த்தவுடன் இத்தொகுப்பு இணையத்திலிருந்து தானே இறங்கிவிடும். மையக் கட்டுப்பாட்டில் உள்ள கணினிகளிலோ இத்தகைய இறக்கம் பெரும்பாலும் அடைக்கப்பட்டிருக்கும். ஆகவே, இதையும் படிமத்திலேயே சேர்த்தாக வேண்டும்.

ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் செய்த பழைய கோப்புகளின் நிலை இன்னும் மோசம். திஸ்கி முதலிய பழைய குறியீடுகளில் அடித்து வைத்த கேள்வித்தொகுப்புகள் இன்றும் சில பள்ளிகளின் கணினிகளில் இருக்கின்றன. அதற்குரிய எழுத்துரு அந்த ஒரு கணினியில் மட்டும் நிறுவப்பட்டிருக்கும். கணினியைத் துடைத்துப் புதுப் படிமத்தை ஏற்றிய அன்று அத்தனையும் பொருளற்ற உரோமன் எழுத்துக் குவியலாகிவிடும். துடைப்பதற்கு முன்னரே அவற்றை ஒருங்குறிக்கு மாற்றிவிடுவது நலம். மாற்றித்தரும் செயலிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

முன்பு நிலைமை இதைவிடக் கடினமாக இருந்ததை மறந்துவிட வேண்டாம். 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில் தமிழ் எழுத்துச் சரியாகத் தெரிவதற்கே தனியாக ஒரு பெட்டியில் குறியிட்டு, நிறுவல் குறுவட்டையும் செருக வேண்டும். குறுவட்டைத் தேடி அலுவலக அலமாரியை உருட்டிய ஆசிரியர்கள் எத்தனை பேர்! விஸ்டா வந்த பிறகுதான் அந்தத் தொல்லை தீர்ந்தது. அன்று நமக்குக் கைகொடுத்தது நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல். தமிழ்க் கணிமையின் வரலாற்றில் இந்த வட்டாரத்திற்கு உள்ள இடம் சிறியதன்று. 1997இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் தமிழ் இணைய மாநாடு நடந்தது. 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டை ஒட்டித் தமிழ்99 விசைப்பலகை உருவானது. 2001இல் கோலாலம்பூரிலேயே தமிழ் இணைய மாநாடு கூடியது. அறிஞர்கள் அமர்ந்து பேசி, தரம் வகுத்து, அதனை உலக நிறுவனங்களின் இயங்குதளத்துக்குள் இடம்பெறச் செய்தும் விட்டார்கள். மிகக் கடினமான பகுதி முடிந்துவிட்டது. கடைசியில் எஞ்சியிருப்பது ஒரு வரியைச் சேர்ப்பது. அதைத்தான் நாம் செய்யாமல் இருக்கிறோம்.

எந்த விசைப்பலகை என்ற கேள்வி எழும். இரண்டும் இருக்கட்டும், அஞ்சல் முறையில் பழகிய ஆசிரியர்களின் கையை முறிக்க வேண்டாம். ஆயினும் மாணவர்களுக்குத் தமிழ்99 முதலில் வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதில் 12 உயிரும் 18 மெய்யும் ஆய்தமும் ஆக 31 விசைகளே போதும். உயிர்கள் இடப்புறம், மெய்கள் பெரும்பாலும் வலப்புறம். ககர விசையை அடுத்து ஆகார விசையைத் தட்டினால் கா பிறக்கும். உயிரும் மெய்யும் புணர்ந்து உயிர்மெய் பிறப்பதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறோமே, அதை மாணவன் தன் விரலாலேயே செய்து பார்க்கிறான். தமிழ்99 விதிப்படி, ஒரே மெய் இரட்டித்தால் முன்னதற்குப் புள்ளி தானே விழும். ந-வை அடுத்துத் த வந்தால் ‘ந்த’ என்றாகும். மெல்லினத்தை அடுத்து அதன் இனமான வல்லினம் வரும் என்னும் இலக்கணம் விசைப்பலகைக்குள்ளேயே இருக்கிறது! அஞ்சல் முறையில் ‘அம்மா’ என்று எழுத ஒரு முதலாம் ஆண்டுக் குழந்தை ‘ஏ, எம், எம், ஏ, ஏ’ என்று நினைக்க வேண்டும். அகரத்தை அப்போதுதான் கற்றுக்கொண்ட குழந்தைக்கு இது தலைகீழ்ப் பாடம் அல்லவா? (சில மென்பொருள்களில் தமிழ்99 இருந்தாலும் புள்ளியைக் கையால் இட வேண்டியிருக்கும், அதையும் சோதித்துக்கொள்ள வேண்டும்.)

இதுவரை மையக் கட்டுப்பாட்டிற்கு ஆதரவாகவே பேசிவந்திருக்கிறேன். அதன் மறுபக்கத்தையும் பெற்றோர்கள் அறிந்திருக்க வேண்டும். ஓர் ஆணையால் எல்லாக் கணினிகளுக்கும் நன்மை செய்ய முடியும் என்றால், ஓர் ஆணையால் எல்லாவற்றையும் அழிக்கவும் முடியும்.

2014ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் உள்ள எமரி பல்கலைக்கழகத்தில் நடந்தது இது. விண்டோஸ் 7 நிறுவுவதற்கான ஆணை ஒன்று, தவறுதலாகப் பல்கலைக்கழகத்தின் விண்டோஸ் கணினிகள் அனைத்துக்கும் போய்விட்டது. மேசைக்கணினி, மடிக்கணினி, வழங்கி என்னும் வேறுபாடின்றி எல்லாம் தம் வன்தட்டைத் துடைத்துப் புதிதாக நிறுவத் தொடங்கின. தவற்றைக் கண்டுபிடித்து நிறுத்த முனைவதற்குள், அந்த ஆணையை அனுப்பிய வழங்கியே தன்னையும் துடைத்துக்கொண்டிருந்தது. வரம் பெற்ற பஸ்மாசுரன் தன் தலையிலேயே கைவைத்த கதை நமக்குத் தெரியும். அது கணினி வடிவில் நடந்தேறியிருக்கிறது.

நமக்கு அண்மையிலேயே ஒன்று நடந்தது. சிங்கப்பூர் உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் ஒவ்வொருவரும் கற்றல் சாதனம் வைத்திருக்கிறார்கள். அவற்றில் பலவற்றை மேலாண்மை செய்ய ‘மொபைல் கார்டியன்’ என்னும் செயலி பயன்பட்டு வந்தது. 2024 ஆகஸ்ட் 4ஆம் நாள் அந்த நிறுவனத்தின் தளத்திற்குள் யாரோ ஊடுருவினர். விளைவாக, 26 உயர்நிலைப்பள்ளிகளைச் சேர்ந்த ஏறக்குறைய 13,000 மாணவர்களின் சாதனங்கள் தொலைவிலிருந்தே துடைக்கப்பட்டன. தேர்வுக்கு எழுதி வைத்திருந்த குறிப்புகளை இழந்து தவித்த மாணவர்களும் உண்டு. சிங்கப்பூர்க் கல்வியமைச்சு அச்செயலியை எல்லாச் சாதனங்களிலிருந்தும் நீக்க முடிவு செய்தது. திட்டமிடுதலுக்கும் ஒழுங்குக்கும் பெயர்பெற்ற நாட்டிலேயே இப்படி நடக்கக்கூடும் என்றால், நாம் விழிப்பாக இருப்பது தவறாகாது.

இதற்காக மையக் கட்டுப்பாடே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு கணினியையும் அவரவர் விருப்பப்படி விட்டுவிட்டால் ஓராண்டுக்குள் கூடம் என்ன பாடுபடும் என்பது ஒருங்கிணைப்பாசிரியராக இருந்தவர்களுக்குத் தெரியும். பிள்ளைகளின் படைப்பு கணினியின் வன்தட்டில் மட்டும் இருக்கக் கூடாது என்பதே இந்த நிகழ்வுகளிலிருந்து நான் எடுத்துக்கொள்வது. நம் நாட்டில் 2020இல் கல்வியமைச்சு தொடங்கிய டெலிமா தளத்தின்வழி மாணவர்க்குக் கணக்கும் சேமிப்பிடமும் கிடைக்கின்றன. கதையோ கட்டுரையோ அங்கே சேமிக்கும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே ஊட்டிவிட்டால், கூடத்தைத் துடைத்தாலும் குழந்தையின் எழுத்து நிற்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விண்டோஸ் 11 எல்லாக் கணினிகளிலும் ஏறாது. டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு, 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பிடம், ஏறக்குறைய 2017க்குப் பின் வந்த செயலகம் ஆகியவற்றை அது கேட்கிறது. நன்கொடையாக வந்த கணினிகளைக் கொண்டு கூடம் அமைத்திருக்கும் தோட்டப்புறப் பள்ளிகளுக்கு இது பெருந்தடை. அத்தகைய பழைய கணினிகளில் லினக்சையோ கூகுளின் ‘குரோம் ஓஎஸ் ஃபிளெக்ஸ்’ இயங்குதளத்தையோ ஏற்றலாம். 2019இல் முடிவுற்ற 1பெஸ்தாரிநெட் திட்டக் காலத்தில் வந்த குரோம்புக்குகளைப் பார்த்தவர்களுக்குப் பின்னது புதிதன்று. இரண்டிலும் தமிழ்99 உண்டு. கூகுளின் நிர்வாகப் பலகையில் எந்தெந்த உள்ளீட்டு முறைகளை அனுமதிப்பது என்று குறிக்கும் இடமே இருக்கிறது. அங்கேயும் யாராவது தமிழைக் குறித்தால்தான் தமிழ் வரும். நிறுவனம் மாறலாம், கருவி மாறலாம். கேட்க வேண்டிய கேள்வி மாறவில்லை.

‘இப்போதுதான் கைப்பேசியில் எல்லாரும் தமிழில் எழுதுகிறார்களே, பேசினாலே எழுதிக்கொள்கிறதே, விசைப்பலகை எதற்கு?’ என்பாரும் உளர். செல்லினத்தில் அம்மாவுக்குச் செய்தி அனுப்புவது நல்லதுதான். ஆனால் 100 சொல்லில் ஒரு கட்டுரை எழுதி, பத்தி பிரித்து, பிழை திருத்தி, தலைப்பு இட்டு அச்சிடுவது வேறு பணி. பேசினால் எழுதும் கருவி, லகர ளகர ழகர வேறுபாட்டைக் குழந்தைக்காகத் தானே முடிவு செய்துவிடும். அதைக் குழந்தை முடிவு செய்யக் கற்றுக்கொள்வதற்காகத்தானே நாம் இருக்கிறோம்?

இனி, யாரிடம் கேட்பது? படிமத்தை உருவாக்குபவர் பள்ளிக்குப் பள்ளி வேறுபடுவார். சில இடங்களில் பல பள்ளிகளுக்குப் பொதுவான கணினித் தொழில்நுட்பர். சில இடங்களில் ஒப்பந்தம் எடுத்த நிறுவனம். சில இடங்களில் நன்கொடை தந்தவரே நிறுவியும் தருகிறார். தலைமையாசிரியர் வழியாக, எழுத்து மூலமாக, நிறுவுவதற்கு முன்னரே தெரிவிக்க வேண்டும். கூட்டத்தில் வாய்மொழியாகச் சொன்னது குறிப்பேட்டோடு நின்றுவிடும். பெற்றோர் ஆசிரியர் சங்கம் தன் பணத்தில் கணினி வாங்கித் தருகிறது என்றால் இன்னும் வசதி. விலைப்பட்டியல் கேட்கும் கடிதத்திலேயே ‘மாணவர் கணக்குகள் அனைத்திலும் தமிழ்99, அஞ்சல் விசைப்பலகைகள், தமிழ்க் கூடுதல் எழுத்துருத் தொகுப்பு’ என்று ஒரு வரியைச் சேர்த்துவிடலாம். மேசை நாற்காலிக்கு அளவு குறிப்பிடும் நாம் இதற்கு ஏன் தயங்க வேண்டும்? நன்கொடை தருவோரிடம் கேட்பது நாகரிகமாகுமா என்று சிலர் கூசுகிறார்கள். தமிழ்ப்பள்ளிக்குத் தருபவர் தமிழைக் கேட்டதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கணினிகள் வந்து இறங்கிய நாளில் ஏற்புப் படிவத்தில் கையொப்பமிடுவதற்கு முன், கூடத்தில் ஏதேனும் மூன்று கணினிகளைத் தேர்ந்துகொள்ளுங்கள். தொழில்நுட்பர் பக்கத்திலேயே இருக்கட்டும். ஆசிரியர் கணக்கில் பார்க்காதீர்கள். இதுவரை யாரும் நுழையாத புதிய மாணவர் கணக்கில் நுழையுங்கள். வெற்றுக் கோப்பு ஒன்றைத் திறந்து ‘அம்மா பந்து தந்தார்’ என்று தட்டச்சு செய்யுங்கள். லதா எழுத்துருவில் உள்ள பழைய தேர்வுத்தாள் ஒன்றைத் திறந்து, அச்சுக்கு முந்தைய காட்சியில் பக்கங்களை எண்ணிப் பாருங்கள். பிறகு கணினியை நிறுத்தி மீண்டும் முடுக்கி, அதே மாணவர் கணக்கில் நுழைந்து மறுபடியும் அந்த வாக்கியத்தை அடியுங்கள். மூன்று கணினிக்கும் சேர்த்துக் கால்மணி நேரம் ஆகும். தமிழ் வரவில்லை என்றால் படிவத்தை மேசையிலேயே வைத்துவிட்டு, படிமத்தைத் திருத்திக்கொண்டு வரச் சொல்லுங்கள்.